பதினொரு ஒன்றுகள்

அந்த ஊரில் அவரை எல்லோரும் "பதினொண்ணு சார்" என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுபோயிற்று. பள்ளிக்கூடத்தின் முன்சுவரில் ஆள் உயரத்துக்கு, நீலப் பெயின்டில், பதினொரு ஒன்றுகள் வரிசையாக நிற்கும்: 11111111111. தூரத்திலிருந்து பார்த்தால் வேலிக்கு நட்ட கம்புகள் போலிருக்கும். அதன் கீழே, "இது பகா எண். நம்மையும் யாராலும் பிரிக்க முடியாது" என்று எழுதியிருக்கும். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் முப்பது வருஷமாக சார் இதைத்தான் பேசினார். பிள்ளைகள் சண்டை போட்டாலும் இதுதான், பந்தயத்தில் தோற்றாலும் இதுதான். பின்வரிசைப் பிள்ளைகள் அவருக்கு முன்பே வாயசைத்துச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

கணக்கு என்றதும் எழுந்து ஓடிவிடாதீர்கள், கண்ணுகளா. இதில் வகுத்தலைத் தாண்டி ஒன்றுமே இல்லை. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணைப் பகா எண் என்பார்கள். ஏழு பகா எண். பதின்மூன்றும் பகா எண். பதினைந்து அப்படி இல்லை, மூன்றுக்கு மடங்கிவிடும். சின்ன எண்ணானால் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். பெரிய எண்ணானால் சிறிய பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் மீதி நிற்கிறது என்று காட்ட வேண்டும். அந்த எண்ணின் வர்க்கமூலம் வரை பார்த்தால் போதும். பதினொரு ஒன்றுகளுக்கு அது ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம். அதற்குள் பகா எண்கள் பத்தாயிரத்துக்கும் மேல். ஆக, பத்தாயிரம் வகுத்தல்.

அந்தப் பத்தாயிரத்தையும் போட்டது சார் இல்லை. சாருடைய மனைவி.

அவள் தையல்காரி. முன்னறையில் ஜன்னலை ஒட்டி மிஷின். பள்ளிக்கூடத்துச் சீருடை பாதிக்கு மேல் அவள் கையில்தான் உருவானது. கல்யாணமாகி மூன்றாம் மாதம் சார் ஒரு தடித்த அட்டவணைப் புத்தகத்தையும், பரீட்சை விடைத்தாள்களில் எழுதாமல் மிஞ்சிய வெள்ளைப் பக்கங்களையும் கொண்டுவந்து மிஷின்மேல் வைத்தார்.

"நீ பத்தாவதுல கணக்குல நல்ல மார்க்குதான?"

"ஆமா. ஏங்க?"

"ரெண்டு ஒண்ணு பதினொண்ணு, பகா எண். மூணு ஒண்ணு, நூத்திப் பதினொண்ணு, மூணால ஒடையும். அஞ்சு ஒண்ணு, ஏழு ஒண்ணு, அதுவும் ஒடையும். பதினொரு ஒண்ணுக்கு இந்தப் புத்தகத்துல பதிலே இல்ல. நாம கண்டுபிடிப்போம்."

அந்த "நாம" அவளுக்குப் பிடித்திருந்தது. புதுப்பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்? துணி வெட்டுவதற்கும் தைப்பதற்கும் நடுவே, ஒரு நாளைக்கு நாலு, ஐந்து என்று போட்டாள். மேலிருந்து இறக்குவதெல்லாம் ஒன்றுதான். மீதியைப் பத்து மடங்காக்கி, ஒன்று கூட்டி, கழித்து, மறுபடி ஒன்று இறக்கி... கைக்கு அது தையல் மாதிரியே பழகிப்போயிற்று. இருபது வகுத்தல் முடிந்தால் ஒரு தாள். "மீதி சரியா பாருங்க" என்று ஒவ்வொரு தாளையும் அவரிடம் நீட்டுவாள், அவர் பார்க்காமலே தலையாட்டுவார். தாள்கள் சேர்ந்ததும் மிஷினில் ஒரே ஓட்டாக ஓட்டிக் கட்டாக்கிவிடுவாள். ஆறு வருஷம் ஆயிற்று. எங்கேயும் மீதி பூஜ்யமாக வரவில்லை. கடைசி வகுத்தலை முடித்த அன்று அவள் கூப்பிட்டுச் சொன்னதும், சார் செருப்பைக்கூட மாட்டாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். சாயங்காலம் திரும்பி வரும்போது அது "நான் கண்டுபிடித்தது" ஆகிவிட்டிருந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷம் சொல்லவில்லை.

சார் ஓய்வு பெறுகிற வருஷம் வந்தது. பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடத்துக்கு ஒரு கல் பதிக்க ஏற்பாடு செய்தார்கள். "பதினொரு ஒன்றுகளால் ஆன எண் பகா எண்ணே என ஆறாண்டு உழைத்து நிறுவிய கணித ஆசிரியர்" என்று தொடங்கி, கீழே அவர் பெயர். எழுதிய காகிதத்தை சார் வீட்டுக்குக் கொண்டுவந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். அவள் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, கீழ ஒரு வரி போடச் சொல்லலாமா? கணக்குப் போட்டவர், அவர் மனைவி. பேருகூட வேணாம். மனைவின்னு இருந்தாப் போதும்."

சார் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"கல்யாணப் பத்திரிகையா அது? கல்லு. வகுத்தல் யாரு வேணாப் போடலாம்டி. யோசன யாருது?"

"யோசனன்னா நானும்தான் சொன்னேன்."

"எது? அந்த எம்பிராய்டரியா?"

அந்த எம்பிராய்டரி என்ன என்று உங்களுக்குச் சொல்கிறேன். கணக்குத் தொடங்கிய முதல் வருஷமே அவள் கண்ணில் ஒன்று பட்டது. ஐந்து ஒன்றுகளை வகுப்பவை 41, 271. இரண்டிலும் ஒன்றைக் கழித்தால் 40, 270. இரண்டும் ஐந்தின் மடங்கு. ஏழு ஒன்றுகளை வகுப்பவை 239, 4649. ஒன்றைக் கழித்தால் 238, 4648. இரண்டும் ஏழின் மடங்கு. அப்படியானால் பதினொரு ஒன்றுகளை ஏதாவது வகுத்தால், அதில் ஒன்றைக் கழிக்கும்போது பதினொன்றின் மடங்குதானே வர வேண்டும்? அந்த மாதிரி எண்களை மட்டும் பார்த்தால் போதாதா? துணியில் பூ எந்த இடத்தில் திரும்பி வரும் என்று பார்த்துப் பழகிய கண் அது. அன்றைக்கும் சார் சிரித்தார். "பார்டர் டிசைன் பாக்குறியா? கணக்குல கண்ணால பாத்ததெல்லாம் செல்லாது. ஒண்ணு விடாமப் போடு." ஒன்று விடாமல் போட்டாள்.

கல் விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது புதுக் கணக்கு டீச்சர் வீட்டுக்கு வந்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரம் ஆகாத வேலை. சார் வெளியே போயிருந்தார். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

"ஆன்ட்டி, சார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. விழா மலருக்குக் கட்டுரை எழுதச் சொன்னாங்க. சும்மா அந்த எண்ணக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். அது... பகா எண் இல்ல ஆன்ட்டி."

"என்ன?"

"ஒரு நொடிகூட ஆகல. 21649 பெருக்கல் 513239. நானே கையாலயும் பெருக்கிப் பாத்துட்டேன்." காகிதத்தை நீட்டினாள். பெருக்கல் சுத்தமாக இருந்தது. கீழே பதினொரு ஒன்றுகள்.

தையல்காரி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "இருபத்தோராயிரத்து அறுநூத்து நாப்பத்தொம்பதுதான? அது என் கணக்குல வந்த எண்ணுதான். வகுத்திருக்கேனே."

"நீங்களா?" டீச்சர் நிமிர்ந்தாள். "சார் போட்டார்னு..."

"நான்தான் போட்டேன். பத்தாயிரம் வகுத்தல்."

"பத்தாயிரமா? எதுக்கு ஆன்ட்டி? ஒண்ணக் கழிச்சாப் பதினொண்ணால வகுபடுற பகா எண்கள மட்டும் பாத்தாப் போதுமே. பத்துல ஒண்ணுதான் தேறும். அது தெரிஞ்ச விதிதான், புத்தகத்துலயே இருக்கு."

தையல்காரி காகிதத்தை மடித்து மிஷின்மேல் வைத்தாள். அப்புறம், "அந்த வழில போயிருந்தா 21649 எத்தனாவதா வந்திருக்கும்?" என்று கேட்டாள்.

டீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டாள். "இருநூத்தி நாப்பது, அம்பதுக்குள்ள."

ஒரு நாளைக்கு ஐந்து. ஐம்பது நாள். ஆறு வருஷத்து வேலை இரண்டே மாதத்தில் முடிந்திருக்கும், அதுவும் சரியான விடையோடு.

அவள் எழுந்துபோய் பரணிலிருந்து கட்டுகளை இறக்கினாள். டீச்சர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். எட்டாவது கட்டில் இருந்தது அந்தத் தாள். பிரித்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது அவள் எழுத்து இல்லை. சாருடைய சாய்ந்த எழுத்து.

அது எந்த நாட்கள் என்று அவளுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள் என்று செய்தி வந்து பன்னிரண்டு நாள் பிறந்த வீட்டில் இருந்தாள். இரண்டாம் நாளே அம்மா போய்விட்டாள், பத்தாம் நாள் காரியம்வரை அங்கேயே இருந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு வீடு திரும்பியபோது சார் மூன்று தாள்களை எடுத்து நீட்டினார். "நீ இல்லேன்னு கணக்கு நிக்கல, பாரு. அறுபதும் நானே போட்டுட்டேன்." அன்றைக்கு அவள் அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை அழுதாள். தனக்காக இந்த மனுஷன் உட்கார்ந்து வகுத்திருக்கிறாரே என்று. கல்யாண வாழ்க்கையில் அவர் செய்த நல்லது எது என்று யாராவது கேட்டிருந்தால், இத்தனை வருஷமும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

தாளில் வகுத்தலின் படிகள் இல்லை. எண்ணும் மீதியும் மட்டும். 21647, மீதி 4112. 21649, மீதி 880. தையல்காரி பென்சிலை எடுத்து 21647ஆல் வகுத்தாள். 9069 வந்தது. மறுபடி போட்டாள். 9069தான். அதற்குள் டீச்சர் குனிந்து மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

"ஆன்ட்டி, இங்க பாருங்க. 21661, மீதி 23018."

இருபத்தோராயிரத்தால் வகுத்தால் இருபத்து மூவாயிரம் எப்படி மீதி நிற்கும்? இன்னொரு தடவை கழித்திருக்க வேண்டாமா? வகுக்கிற எண்ணைவிட மீதி பெரிதாக வரவே வராது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்யாத தப்பு. உட்கார்ந்து வகுத்த எவருக்கும் அப்படி ஒரு தப்பு வராது. வாய்க்கு வந்த எண்ணை எழுதியவருக்குத்தான் வரும்.

சார் அறுபதில் ஒன்றைக்கூட வகுக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவள் நாலரை வருஷம் வகுத்தாள். ஏழாயிரத்து ஐநூறுக்கும் மேல். விடை பரணில் கிடக்க, விரல் முட்டி வீங்கும்வரை வகுத்துக்கொண்டிருந்தாள்.

சார் வந்ததும் அவள் விஷயத்தைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. சார் சட்டைப் பித்தானைப் பாதி கழற்றியபடியே நின்றார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் டீச்சருக்கும். அவ ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லாம இருக்க முடியாதுன்னா. மலர் அச்சுக்குப் போகுதாமே."

"ம்."

"அந்த மூணு தாளும் நீங்க எழுதுனது."

"எந்த மூணு தாளு? முப்பது வருஷத்துக்கு முந்தினது எவனுக்கு ஞாபகம் இருக்கு?" பித்தானை மறுபடி மாட்டினார். "சரி விடு. மேடையில நானே சொல்லிடறேன். மறைக்கிறது அசிங்கம்."

அவள் நம்பினாள். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. நம்பி, விழாவுக்கு அவர் போட வேண்டிய சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். காலர் மடிப்பைத் தன் கையால் நீவிவிட்டாள்.

விழாவன்று மைதானம் நிறைந்திருந்தது. கல்லின்மேல் துணி மூடியிருந்தது. தையல்காரி இரண்டாவது வரிசையில், பக்கத்தில் நாத்தனார். டீச்சர் மேடை ஓரத்தில், மைக்குக்குப் பக்கத்தில். சார் பேச எழுந்தார்.

"இந்தக் கல்லத் திறக்க வேண்டாம்னு நானே ஹெட்மாஸ்டர்கிட்டக் கேட்டுக்கிட்டேன்," என்றார். கூட்டம் சலசலத்தது. "ஏன்னா, உண்மை பெருசு. நான் பெருசு இல்ல. அந்த எண் பகா எண் இல்ல. ரெண்டு எண்ணாப் பிரியுது." அவர் குரல் தழுதழுத்தது. "யோசனை என்னோடது. வகுத்ததெல்லாம் என் மனைவி. பாவம், அடுப்படிக்கும் தையலுக்கும் நடுவுல ஆறு வருஷம் போட்டா. ஏதோ ஒரு எடத்துல கை தவறிடுச்சு. நான் சரிபார்த்திருக்கணும். அவள நம்பிட்டேன். அவ சார்புல உங்க எல்லார்கிட்டயும் நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஹெட்மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாத்தனார் தையல்காரியின் முழங்கையில் இடித்தாள்.

"எங்க அண்ணனுக்கு எவ்வளவு பெருந்தன்மை, பாத்தீங்களா அண்ணி? வேற ஆம்பளையா இருந்தா வீட்டுல போட்டு மிதிச்சிருப்பான். கவலப்படாதீங்க, எல்லாருக்கும் வர்ற தப்புதான்."

தையல்காரி எழுந்து நின்றாள். "அது என் தாள் இல்ல," என்றாள். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். நாத்தனார் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "உணர்ச்சிவசப்படாதீங்க அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க." டீச்சர் மட்டும் மேடையிலிருந்து அவளைப் பார்த்தாள். மைக் ஒரு எட்டில் இருந்தது. டீச்சர் தலையைக் குனிந்து கைப்பை ஜிப்பைப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே வரும்போது இரண்டு சிறுமிகள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். "இவங்கதான்டி. தப்பாப் போட்டவங்க." "பாவம்டி, டெய்லரு. அவங்களுக்கு என்ன தெரியும்?"

மதியச் சாப்பாடு ஆனதும் சார் மாலைகளை மிஷினுக்கு முன்னாலிருந்த நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். முகத்தில் நிம்மதி.

"உன்னச் சொன்னேனா இல்லயா? அத்தன பேரு முன்னால சொன்னேன். அதத்தான கேட்ட? இப்ப ஊருக்கே தெரியும், கணக்குப் போட்டது நீதான்னு."

அவள் மிஷினுக்கு மேலிருந்த துணிகளை எடுத்துக் கீழே வைத்தாள். ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் அவர் முன்னால் வைத்தாள். அவருடைய மூன்று பழைய தாள்களைத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"என்ன இது?"

"இருபத்தோராயிரத்து அறுநூத்து நாப்பத்தொம்பதால வகுங்க."

"பைத்தியமா உனக்கு? அதான் தெரிஞ்சுபோச்சே."

"வகுங்க. இல்லன்னா இந்தத் தாள அப்படியே பள்ளிக்கூடத்து போர்டுல ஒட்டுவேன். மீதி இருபத்து மூவாயிரம்னு உங்க கையெழுத்துல இருக்கு. மூணாங்கிளாஸ் பிள்ள சிரிக்கும்."

சார் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன கண்டாரோ, பென்சிலை எடுத்தார். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஐந்து தடவை போகும். மீதி 2866. ஒன்றை இறக்கினார். ஒரு தடவை, 7012. மூன்று தடவை, 5174. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரின் உதடு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையுடையது மாதிரி அசைந்தது. இரண்டு, 8443. மூன்று, 19484. கடைசி ஒன்றை இறக்கினார். ஒன்பது தடவை. கழித்தார். பூஜ்யம்.

"ஆச்சு," என்றார். நெற்றியைத் துடைத்தார். "இப்பத் தாளக் குடு."

"அதுக்குக் கீழ ஒரு வரி எழுதுங்க. இந்த மூணு தாளும் நான் எழுதுனது, வகுக்காம எழுதுனதுன்னு. எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

சார் பென்சிலைத் தாளின்மேல் வைத்தார். முனை அங்கேயே நின்றது. ஒரு புள்ளி விழுந்து கறுத்துத் தடித்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி போயிற்று. பக்கத்து வீட்டில் குழாய் திறந்து மூடியது. அப்புறம் அவர் தாளில் கொஞ்சம் கீழே தள்ளி, 21661 என்று எழுதி, கோடு போட்டு, வகுக்கத் தொடங்கினார்.

அந்த ஒரு வரியை எழுதுவதைவிட, அறுபதையும் வகுத்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறது அவருக்கு.

அவள் மூன்று தாள்களையும் மடிக்காமல் ஒரு அட்டைக்குள் வைத்தாள். வாசலுக்குப் போய்ச் செருப்பைக் காலில் மாட்டினாள்.

"எங்க போற?" சார் தலை நிமிரவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு. டீச்சர் அஞ்சு மணி வரைக்கும் இருப்பா."

அவர் தடுக்க எழுந்திருப்பார் என்று ஒரு கணம் நின்றாள். அவர் எழவில்லை. கடைசிக் கழித்தலைப் போட்டு முடித்துவிட்டு, ஆறு வருஷம் அவள் அவரிடம் சொன்னதை இப்போது அவர் அவளிடம் சொன்னார்.

"மீதி பதினாலாயிரத்து ஐநூத்திப் பதினேழு. சரியா பாரு."

அவள் வாசலிலிருந்தே அந்த எண்ணை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஐந்து, ஒன்று, இரண்டு, ஒன்பது, ஐந்து, நாலு.

"சரிதான்," என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.